மாப்ளைக்கு: வண்டி ஏன் லெஃப்ட்ல இழுக்குது

டேய் மாப்ள,

உன் மெசேஜ் பாத்தேன். கார்ல ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாம் புதுசா போட்டு வண்டிய கொஞ்சம் தாழ இறக்கிட்டேன்னு ஆசையா போட்டோ அனுப்பிச்ச, இப்ப என்னடான்னா ஸ்டீயரிங்க லேசா விட்டா லெஃப்ட்ல ஓடுதுன்னு புலம்புற. போன்ல சொன்னா பாதி மறந்துருவ, அதான் உக்காந்து எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப பிடிமானம் இல்லாமலே நடக்குறாங்க, அந்த கோயமுத்தூர் பையன் எப்ப வருவான்னு உன்னத்தான் கேக்குறாங்க. வந்தா ஓ.எம்.ஆர் பக்கம் மட்டும் அவசரத்துல வந்துராத, மெட்ரோ வேலைல ரோடு இன்னும் ரோடா இல்ல.

சரி வண்டிக்கு வரேன். முதல்ல சக்கரக் கோணம் சரி பண்ற அந்த அலைன்மென்ட் கடைக்கு திரும்பத் திரும்ப போறத நிறுத்து. உன்னோடது மாதிரி முன்னாடி ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேந்த தூண்) வச்ச சின்ன வண்டிங்கள்ல பெரும்பாலும் டோ (மேல இருந்து பாத்தா சக்கரத்தோட மூக்கு உள்ள திரும்பியிருக்கா வெளிய திரும்பியிருக்காங்கற அளவு) மட்டும் தான் அட்ஜஸ்ட் பண்ண முடியும், அவனும் மெஷின்ல அத பச்சையாக்கி ஸ்லிப்ப கையில குடுத்து அனுப்பிருவான். முன் டோ தப்பா இருந்தா ஸ்டீயரிங் கோணலா நிக்கும், டயர் தின்னுரும், ஆனா பொதுவா வண்டிய ஒரு பக்கமா இழுக்காது. இழுக்குறவன் வேற எங்கயோ இருக்கான்.

எப்ப இழுக்குதுன்னு பாத்தியா? அது தெரியாம ஒண்ணுமே பண்ண முடியாது. பிரேக் போட்டா மட்டும்னா பிரேக் பேட அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் பக்கம் போ. ஆக்சிலேட்டர் அழுத்துனா மட்டும்னா அது வேற கதை, முன்சக்கர டிரைவ் வண்டிங்க கொஞ்சம் அப்படித்தான். சும்மா உருண்டு போறப்பவும் இழுத்துச்சுன்னா தான் மேல படி. அதோட நம்ம ரோடு தண்ணி வழியணும்னு லெஃப்ட்ல சாய்வாத்தான் போட்டிருப்பாங்க, நல்ல வண்டியே கைய விட்டா மெதுவா ஓரத்துக்குப் போகும், நீ அகலமான டயரும் சேத்து மாத்தியிருந்தா அது இன்னும் நல்லா தெரியும். அதனால சமதரையான பெரிய பார்க்கிங் மைதானமா பாத்து, ரெண்டு தெசையிலயும் ஓட்டிப் பாரு. ரைட்ல இழுத்தா ரோட்டு மேல பழி போட முடியாது, லெஃப்டுன்னா தான் இந்த சந்தேகமே.

அடுத்தது டயரு, காசே செலவில்லாத சோதனை. நாலுலயும் காத்து சரியா அடிச்சுட்டு முன் டயர் ரெண்டையும் லெஃப்ட் ரைட் மாத்திப் போடு. இழுக்குற பக்கம் மாறிடுச்சுன்னா உன் சஸ்பென்ஷன் மேல தப்பே இல்ல, டயருக்குள்ள தான் கோளாறு, வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கும். சுத்துற தெசைக்கு அம்புக்குறி போட்ட டயர்னா லெஃப்ட் ரைட் மாத்தாத, அதே பக்கத்துல முன்னாடி இருக்கறத பின்னாடி போட்டு பாரு. டயர் மாத்துறப்பவே சக்கரத்த தூக்கி கையால சுத்தியும் பாத்துரு, ஒண்ணு மட்டும் இறுகி நின்னா பிரேக் விடலன்னு அர்த்தம்.

எங்க தம்பி பையன் வண்டில இதே கதை தான் நடந்துச்சு. அவனும் ரேஸ் பைத்தியம், 2024ல சென்னைல தீவுத்திடல் சுத்தி ராத்திரில ஃபார்முலா 4 ஓடுச்சே, அத பாத்துட்டு வந்ததுல இருந்து வண்டிய தரையோட ஒட்டணும்னு ஒரே பிடிவாதம். தாழ்வான ஸ்பிரிங் போட்டப்பறம் லெஃப்ட்ல இழுப்பு, டயர் மாத்தியும் பக்கம் மாறல. அப்பறம் தான் ஸ்லிப்ல யாருமே படிக்காத கேம்பர் நம்பர நான் படிச்சேன், லெஃப்ட்ல மைனஸ் 0.3 டிகிரி, ரைட்ல மைனஸ் 1.2. மைனஸ்னா சக்கரத்தோட தலை உள்ள சாஞ்சிருக்குன்னு அர்த்தம், எந்தப் பக்கம் கம்மியா சாஞ்சிருக்கோ அந்தப் பக்கம் தான் இழுக்கும். ஸ்ட்ரட்ட நக்கிள்ல, அதாவது சக்கரத்த தாங்குற இரும்புத் துண்டுல, மாட்டுற ரெண்டு போல்ட்டு ஓட்டையில கொஞ்சம் ஆட்டம் இருக்கும்டா, போட்ட ஆளு ஒரு பக்கம் உள்ள தள்ளி முறுக்கிருக்கான், இன்னொரு பக்கம் வெளிய இழுத்து முறுக்கிருக்கான், அவ்ளோதான். லூஸ் பண்ணி ரெண்டையும் ஒரே மாதிரி தள்ளி முறுக்கினதும் நேரா போச்சு, பார்ட்ஸ் ஒண்ணும் வாங்கல. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல செகண்ட்ஸ் லோயர் ஆர்ம் (சக்கரத்த கீழ இருந்து பிடிக்கிற கை) தேட கிளம்புனவன நான் தான் பிடிச்சு நிறுத்தினேன். ஆனா கேம்பர் தொட்டா டோவும் மாறும், அதுக்கப்பறம் கடைக்கு போ, அப்ப போறதுல அர்த்தம் இருக்கு.

கேம்பர் ரெண்டும் சமமா இருந்தா காஸ்டர் பாரு, சக்கரம் திரும்புற அச்சு முன்ன பின்ன எவ்ளோ சாஞ்சிருக்குங்கற அளவு தான் அது, கம்மியா இருக்குற பக்கம் இழுக்கும். சில வண்டில ஸ்ட்ரட் மேல இருக்குற மவுண்ட் லெஃப்ட் ரைட் மாறிப் போயிருக்கும், இல்ல திருப்பி மாட்டிருப்பாங்க. பள்ளத்துல விட்டு லோயர் ஆர்ம் வளைஞ்சிருந்தாலும் இப்படித்தான், கட்டை ஸ்பிரிங் போட்டா அந்த அடி நேரா ஆர்முக்குத் தான் போகும். திரும்பிட்டு நேரா வந்தப்பறமும் திரும்புன பக்கமே போகணும்னு அடம்பிடிச்சா மட்டும் மவுண்ட் பேரிங்க சந்தேகப்படு.

இன்னொண்ணு, இத மெக்கானிக்கு கிட்ட தெளிவா கேளு. லோயர் ஆர்ம் மூட்டுல இருக்குற ரப்பர் புஷ்ஷோட போல்ட்டு எல்லாம் வண்டி ஜாக்கில தொங்கிட்டு இருக்கறப்பவே ஃபுல்லா முறுக்கிட்டாரா? அப்படி பண்ணுனா கீழ இறக்குனதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முறுக்கலன்னா உயரமும் மாறும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில இருந்து வெயிட் ஏறின நிலையில லூஸ் பண்ணி திரும்ப முறுக்கச் சொல்லு. அந்தாளு "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார்"னு சொல்லுவாரு, விடாத. முறுக்கினப்பறம் வண்டிய கொஞ்சம் ஓட்டிட்டு வந்து சக்கரத்து நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு ரெண்டு பக்கமும் அளந்துரு.

டயர் மாத்திப் போட்டு ஓட்டிட்டு, பக்கம் மாறுச்சா இல்லையான்னு மட்டும் சொல்லு. அலைன்மென்ட் ஸ்லிப்பையும் போட்டோ எடுத்து அனுப்பு, தெளிவா எடுடா, போன தடவ மாதிரி உன் கட்டை விரல எனக்கு அனுப்பாத.

உன் பழைய ரூம்மேட்