அந்தக் கோபம் சிறுபிள்ளைத்தனமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி அணிகளை விட்டுவிட்டுத் தொழில்முறை அணிகளுக்குப் போகும் பயிற்சியாளர்களைப் பற்றிச் சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். "கூடுதல் சம்பளம் வந்தால் வேலை மாறுவது உலக வழக்கம், அதற்குத் துரோகி என்று ஏசுவது ரசிகர்களின் சிறுபிள்ளைத்தனம்" என்று அதில் ஒரு வரி. மூன்று நாளாக அந்த வரி மனதில் முள்ளாகக் குத்துகிறது. இருபது வருஷமாக மிஷிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் குடியிருக்கிறேன். ஏசியவர்களில் நானும் ஒருவன்.

2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் எங்கள் ஊர் மிஷிகன் பல்கலைக்கழக அணி வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 34-13 என்று வென்றதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் 15 ஆட்டம், 15 வெற்றி. 1997-க்குப் பிறகு கிடைத்த முதல் தேசியப் பட்டம். அந்த வாரச் சனிக்கிழமை வெற்றி ஊர்வலம் நடந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டருமாக என்னோடு குளிரில் நின்றார். ஆட்டத்தின் விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. வீரர்களைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டினார். "தேர் நிலைக்கு வந்த மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார். பதினோராம் நாள் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். செய்தியைச் சொன்னேன். "இந்த ஊர்ல அவருக்கு என்ன குறை வெச்சாங்க?" என்று கேட்டார் மாமனார்.

சம்பளம் என்ற ஒற்றைச் சொல்லில் உங்கள் கட்டுரை இதற்குப் பதில் சொல்லி முடித்துவிட்டது. பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே மாதக் கடைசியில் பாஸ்டன் காலேஜின் தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் ஹாஃப்லி, கிரீன் பே தொழில்முறை அணியில் தடுப்பாட்டப் பிரிவுக்கு மட்டும் பொறுப்பேற்கப் போனாரே, அதற்கு என்ன சொல்வது? தலைமை நாற்காலியை விட்டு ஒரு படி கீழே இறங்கிப் போனார். கல்லூரிப் பயிற்சியாளருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, பதினாறு பதினேழு வயதுப் பையன்களின் வீடு வீடாகப் போய் உட்காருவது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஓராண்டு வெளியே உட்காராமல் வேறு கல்லூரிக்கும் மாறலாம். அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் சொந்த வீரனையே மறுபடி பேசிப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆள் எடுக்க, அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் இருக்கிறார். பயிற்சியாளர் ஆட்டத்தைப் பார்த்தால் போதும்.

ஹார்பாவுக்கு இன்னொன்றும் இருந்தது. 2013 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியை என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டுபோய், சொந்த அண்ணன் ஜானின் பால்டிமோர் அணியிடம் 34-31 என்று தோற்றவர். அந்தக் கோப்பை கைக்கு வராமல் அவருக்குத் தூக்கம் வராது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் வலிக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

ஏன் என்று கேட்டால், எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் மனைவியோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருவரின் மகன் பள்ளியில் நன்றாக ஆடுவான். வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் அவனைத் தேடி வீட்டுக்கே வந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்கை எடுத்துத் தின்றபடி, "நாலு வருஷமும் நான் இவன் பக்கத்தில் இருப்பேன்" என்று அந்த அம்மாவிடம் சொன்னார். பையன் கையெழுத்துப் போட்டான். மறு ஜனவரியில் அவர் ஒரு தொழில்முறை அணியில் உதவிப் பயிற்சியாளராகப் போய்விட்டார். கல்லூரி உணவகத்தில் தட்டோடு வரிசையில் நின்றபோது, செல்போனில் வந்த செய்தியைப் பார்த்துத்தான் பையனுக்கே விஷயம் தெரிந்தது. புதிதாக வந்தவரின் ஆட்டமுறையில் அவனுக்கு இடமில்லை. 2021-க்கு முந்திய கதை இது. கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதி அவனுக்கு இருந்தது, அவருக்கு இல்லை. கையெழுத்து பல்கலைக்கழகத்துக்குத்தான், பயிற்சியாளருக்கு அல்ல என்று அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அந்த அம்மா அதைப் பிறகுதான் கவனித்தார்.

இதையா சிறுபிள்ளைத்தனம் என்கிறீர்கள்?

அப்புறம், போகிறவர் விட்டுப்போகும் கடனை யார் அடைக்கிறார்கள் என்பதையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. 2010 ஜனவரியில் பயிற்சியாளர் பீட் கேரல், கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்தை விட்டு சியாட்டில் தொழில்முறை அணிக்குப் போனார். ஜூனில், அவர் காலத்து விதிமீறல்களுக்காக, கல்லூரி விளையாட்டுகளின் ஆட்சி அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தண்டனை யு.எஸ்.சி.க்கு வந்தது: பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டம் இரண்டு ஆண்டு கிடையாது, 30 ஸ்காலர்ஷிப் குறைப்பு. தவறு நடந்த காலத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதை அனுபவித்தார்கள். எங்களுக்கும் அதே கதைதான். விதிமீறல்களுக்காக 2024 ஆகஸ்டில் ஹார்பாவுக்கு நான்கு ஆண்டு கட்டுப்பாடு, 2025 ஆகஸ்டில் அதற்கு மேல் பத்து ஆண்டு. எல்லாம் அவர் கல்லூரிக்குத் திரும்பி வந்தால்தான் அவரைத் தொடும். பல்கலைக்கழகத்துக்கோ பல கோடி டாலர் அபராதம். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வின் ரசிகர்களைக் கேட்டுப் பாருங்கள். 2004 கிறிஸ்துமஸ் அன்று தங்கள் பயிற்சியாளர் நிக் சேபன் மயாமி தொழில்முறை அணிக்குப் போகும் செய்தியைக் கேட்டார்கள். இரண்டே ஆண்டில் அவர் கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்பினார். வந்து சேர்ந்தது பக்கத்துப் போட்டி அணியான அலபாமாவுக்கு.

ஹார்பாவை எங்கிருந்தோ பிடித்துவரப்பட்ட வெளியாள் போல உங்கள் கட்டுரை எழுதியிருப்பது இன்னும் வருத்தம். அவர் அப்பா இங்கே துணைப் பயிற்சியாளராக இருந்தவர். ஹார்பா சிறுவனாக வளர்ந்ததும் இதே ஊரில்தான், அன்றைய மிஷிகன் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லரிடம் ஆடியதும் இதே அணிக்குத்தான். 2020-இல் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி என்று அணி விழுந்தபோதும் அவரை வைத்துக்கொண்டது இந்த ஊர். 2022 பிப்ரவரியில், புது வீரர்கள் கையெழுத்திடும் அதே நாளில் அவர் மினசோட்டா தொழில்முறை அணியின் நேர்காணலுக்குப் போனார். திரும்பி வந்து, இது ஆண்டுதோறும் நடக்காது என்றார். நம்பினோம். வெளியாள் போயிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

உங்கள் இதழுக்குப் பதினான்கு ஆண்டாகச் சந்தா கட்டுகிறேன். இதே ஆட்டத்தைப் பற்றி முன்பு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நான்கு வரியாக வெட்டிப் போட்டீர்கள். பக்க நெருக்கடி என்று தேற்றிக்கொண்டேன். அதற்கு முந்திய கடிதம் வரவே இல்லை.

இந்தக் கடிதத்தை முழுதாகப் போட முடியாவிட்டாலும் சரி. கட்டுரையோடு வந்த படத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட உருண்டைப் பந்து இருக்கிறது. இந்த ஆட்டத்தின் பந்து பழுப்பு நிறம், இரு முனையும் கூர்மையாக இருக்கும். அடுத்த முறை அந்தப் பந்தைப் போடுங்கள்; வெறும் கால்பந்து என்று எழுதாமல் அமெரிக்கக் கால்பந்து என்று எழுதுங்கள். ஹார்பா இந்த ஊர்ப் பழைய மாணவர் என்று ஒரு வரித் திருத்தமும் வேண்டும்.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்,
ஆன் ஆர்பர், மிஷிகன்