மலாக்கா மதில் என்ன ஆனது?

தம்பி,

நீ அனுப்பிய படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இங்கிலாந்தின் யார்க் நகர மதில் அவள் கண்ணில் படவே இல்லை, நீ இளைத்துப்போனதுதான் பட்டது. நான் மதிலைப் பார்த்தேன். “நம்ம பக்கம் ஏன்ப்பா இப்படி ஒன்று இல்லை?” என்று கேட்டிருந்தாய். இருந்ததய்யா. ஜாசினில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற மலாக்காவில் இருந்தது. நீ இப்போது இருக்கிற நாட்டுக்காரர்கள்தான் இடித்தார்கள்.

1511-இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்த கையோடு கோட்டை கட்டத் தொடங்கினார். கல்லுக்கு எங்கே போவது? மசூதியையும் சுல்தான்களின் கல்லறைகளையும் பிரித்து எடுத்தார்கள். மலையைச் சுற்றி மதில், நான்கு வாசல். உள்ளே தேவாலயம், ஆஸ்பத்திரி, அதிகாரிகள் வீடு. நம் தமிழ் வணிகர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மதிலுக்கு வெளியே.

அந்த மதிலை உடைக்க டச்சுக்காரர்கள் பக்கத்து ஜொகூர் சுல்தானைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டும் திணறினார்கள். 1640 ஆகஸ்டில் வளைத்தது, 1641 ஜனவரியில்தான் விழுந்தது. பீரங்கியைவிடப் பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களைச் சாய்த்தன. இன்று நிற்கிற சந்தியாகு வாசலை எல்லாரும் போர்த்துக்கீசியர் வாசல் என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் டச்சுக் கம்பெனியின் முத்திரையும் 1670 என்ற ஆண்டும் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிப் போன காலத்தில் நான் அதைக் காட்டுவேன். அவர்களுக்கு ஐஸ் கச்சாங் என்கிற ஐஸ் இனிப்பு மேல்தான் கண்.

சரி, இடித்த கதைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஹாலந்துக்குள் புகுந்ததால் 1795-இல் ஆங்கிலேயர் மலாக்காவைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டிய ஊர். கொடுக்கும்போது பலமான கோட்டையோடு ஏன் கொடுக்க வேண்டும், வியாபாரமும் தங்கள் துறைமுகமான பினாங்குக்கு வந்தால் நல்லதுதானே என்று கணக்குப் போட்டார்கள். 1807-இல் மலாக்காவில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஃபார்குவார் மேற்பார்வையில் இடிக்கிற வேலை தொடங்கியது.

அதைச் சிறுவனாகப் பார்த்து, பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாய் எழுத்தாளர் என்றுதான் உனக்குப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். ஊரில் இந்திய வணிகர்கள் நிறைந்திருந்ததால், கணக்கு வழக்குக்காக அவர் சின்ன வயதில் தமிழும் படித்தவர். கோட்டைக்குள் பேய் பிசாசு இருக்கிறது என்று கூலியாட்கள் பயந்தார்களாம், கூலியை ஏற்ற வேண்டியிருந்ததாம். கடப்பாரைக்கு மசியாமல் கடைசியில் வெடிமருந்து வைத்தபோது யானை அளவுக் கற்கள் பறந்தனவாம். 1808-இல் ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, மலாக்காவைக் கைவிடக் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதினார். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. இதில் வேடிக்கை, 1811-இல் ஜாவா மேல் படையெடுக்க அதே ஆங்கிலேயர் கப்பல்களைக் கூட்டியது மலாக்காவில்தான்.

இப்போது உன் ஊருக்கு வா. 1800-இல் யார்க் நகராட்சியும் மதிலை இடிக்கத்தான் பார்த்தது. அங்கே எதிர்க்க ஆள் இருந்தது, அதனால் நீ இன்று மேலே ஏறி நடக்கிறாய். மலாக்காக்காரனை யார் கேட்டார்கள்? நம்ம தோட்டத்தை வீடு கட்ட விற்றபோதும் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடிக்க யாரையும் கேட்கவில்லை. கோவில் மட்டும் நிற்கிறதென்றால், ஊரே திரண்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்ததால்தான்.

2006-இல் மலாக்கா நகரில் சுழலும் கோபுரம் கட்டத் தோண்டியபோது பழைய கொத்தளத்தின், அதாவது மதிலின் துருத்திய காவல் மேடையின், அடித்தளம் வெளியே வந்தது. கோபுரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மிடல்பர்க் கொத்தளத்தை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கல் புதிதாகத்தான் தெரிகிறது, எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் நீ வந்தால் கூட்டிப்போவேன்.

யார்க்கில் வால்ம்கேட் என்று ஒரு வாசல் இருக்கிறது. மற்ற வாசல்களின் முன்கோட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள், அதற்கு மட்டும் மிச்சம். அந்தப் பக்கம் போனால் படம் எடுத்து அனுப்பு. நீயும் அதில் நில், இல்லாவிட்டால் அம்மா பார்க்க மாட்டாள். ஊறுகாய் பார்சல் புதன்கிழமை போட்டாயிற்று.

அப்பா