‘பரவாயில்லை’ என்றால் திருப்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளில் நோயாளிகளின் கருத்தைச் செல்போன் வழியே கேட்பது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தோம். கேட்பது நல்லதுதான். கேட்ட பதில் எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தலையங்கம் தொடவில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

மத்திய சுகாதார அமைச்சகம் ‘மேரா அஸ்பதால்’ (எனது மருத்துவமனை) என்ற கருத்துக் கேட்புத் திட்டத்தை 2016இல் தொடங்கியது. ஓ.பி. சீட்டுப் போடும்போது கொடுத்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியோ தானியங்கி அழைப்போ வரும். திருப்தி இல்லை என்று சொன்னால் காரணம் கேட்கும்: ஊழியர் நடத்தை, சுத்தம், செலவு, சிகிச்சையின் தரம், மற்றவை. இத்தகைய எந்தத் திட்டமும் ஒரு 10 இலக்க எண்ணை நம்பித்தான் நிற்கிறது. அந்த எண் பதிவாகிற இடமோ காலை நேரத்துச் சீட்டு கவுண்டர். பின்னால் நூறு பேர் நிற்கும்போது, எண் இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றால், பதிவாளர் 9ஐப் பத்து முறை தட்டிவிட்டு நகர்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாட்டி கொடுத்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் பேரனுடையதாக இருக்கும். அழைப்பு வரும்போது அவர் தறி ஓரத்தில் நிற்பார். ஏதோ ஒரு எண்ணை அழுத்தி வைத்துவிடுவார். அதுவும் ஒரு ‘நோயாளி கருத்து’ என்று கணக்கில் ஏறும்.

இதைச் சரிசெய்யப் புதுச் செயலி தேவையில்லை. ‘போன் யாருடையது’ என்று ஒரு கட்டம், ‘எண் இல்லை’ என்று ஒரு பொத்தான், எந்த மொழியில் அழைப்பது என்று ஒரு குறிப்பு, இவை போதும். எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்பதை ஓ.பி. சீட்டிலேயே அச்சிட்டுவிட வேண்டும். ஓ.டி.பி. மோசடிக்குப் பயந்து வாழும் நாளில், தெரியாத எண்ணிலிருந்து வரும் லிங்க்கை மக்கள் தொடாமல் இருப்பதே சரி.

ஸ்கேன் செய்து கருத்துச் சொல்வதற்கென மாட்டும் க்யூஆர் பலகைக்கும் ஒரு கணக்கு உண்டு. நிற்கும் தூரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். 1 மீட்டர் தள்ளி நின்று எடுக்க 10 செ.மீ. நடைமுறையில் உள்ளங்கையளவு தாளை லேமினேட் செய்து, டியூப்லைட்டுக்கு நேர் கீழே, தலைக்கு மேலே ஒட்டிவைக்கிறார்கள். வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறதே தவிர ஸ்கேன் ஆவதில்லை. மருந்து கவுண்டர் பெஞ்சுக்கு எதிரே, உட்கார்ந்தால் கண் மட்டத்தில் இருந்தால் காத்திருப்பவர் எடுப்பார். எழுதத் தெரியாதவருக்கு மிஸ்டு கால் வழிதான் இன்றும் சிறந்தது: திரும்ப அழைத்து ஒரு நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்யலாம். அந்தப் பேச்சைக் கணினி எழுத்தாக்கியதோடு விடாமல் ஒருவர் காதால் கேட்பது அவசியம். வட்டார வழக்கில் மென்பொருள் தடுமாறும்.

அடுத்தது கேள்வி. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2013 முதல், ‘இந்த வார்டை நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் பரிந்துரைப்பீர்களா?’ என்று கேட்டது. ஊரில் இருப்பதே ஒரு மருத்துவமனை என்றால் பரிந்துரைக்க என்ன இருக்கிறது? 2020இல் அதைக் கைவிட்டு, ‘மொத்தத்தில் உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?’ என்று மாற்றினார்கள். இங்கே சில செயலிகள் பழைய கேள்வியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அனுபவம் எப்படி என்று பொதுவாகக் கேட்டால் தமிழில் வரும் பதில் ‘பரவாயில்லை’. அது பாராட்டா, பொறுத்துக்கொண்டேன் என்பதா என்று குரலைக் கேட்டால்தான் தெரியும். படிவத்தில் அது ஐந்துக்கு மூன்றோ நான்கோ ஆகிவிடுகிறது. நடந்ததைக் கேளுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொன்னார்களா? ஸ்கேனுக்கு எத்தனை முறை வரச் சொன்னார்கள்? இரவில் கழிப்பறையில் தண்ணீர் வந்ததா? இதற்கு வரும் பதிலை வைத்து மறுநாளே பிளம்பரைக் கூப்பிடலாம். ‘82 சதவீதம் திருப்தி’ என்ற வரியை வைத்து யாரைக் கூப்பிடுவது?

படுக்கையில் இருக்கும்போதே கேட்பதும் தவறு. ஊசி போடப்போகிறவரைப் பற்றி யார் குறை சொல்வார்? வீட்டுக்குப் போன இரண்டு மூன்று நாள் கழித்துக் கேட்கலாம். பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. ‘டயாலிசிஸ், செவ்வாய் காலை ஷிஃப்ட்’ என்று இருந்தால் வார்டில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். அந்த விவரத்தை எடுத்துவிட்டே வார்டுக்கு அனுப்ப வேண்டும்.

பிரிட்டனில் ‘கேர் ஒப்பீனியன்’ என்ற தளம் இருக்கிறது. ஷெஃபீல்டில் குடும்ப மருத்துவராக இருந்த பால் ஹாட்ஜ்கின் 2005இல் தொடங்கியது. நோயாளி பெயர் சொல்லாமல் எழுதுகிறார். தளத்தினர் படித்துப் பார்த்து வெளியிடுகிறார்கள். மருத்துவமனை அதே பக்கத்தில் எல்லோரும் பார்க்கப் பதில் சொல்கிறது. மாற்றம் செய்யத் திட்டமிட்டாலும், செய்து முடித்தாலும், அதற்கென்று தனிக் குறி விழுகிறது. நம்மிடம் இல்லாதது இந்தக் கடைசிப் படிதான்.

இதற்கான அமைப்பு ஏற்கெனவே இங்கே உண்டு. அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. அதன் கூட்டத்துக்குச் சதவீதத்தைக் கொண்டுபோகாமல், அந்த மாதம் வந்த கருத்துகளில் ஐந்தையாவது நோயாளியின் சொல்லிலேயே வாசிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் என்று நிலைய மருத்துவ அலுவலர் குறித்துக்கொள்ளட்டும். முடிந்ததைக் க்யூஆர் பலகைக்குப் பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதி வைக்கலாம். முடியாததையும், ஏன் முடியவில்லை என்பதோடு.

இப்படிக்கு,
மருத்துவமனைத் தர மேம்பாட்டுப் பணியில் இருப்பவர்கள்,
திருச்சி.