வெயிலோடு புழுக்கத்தையும் சொல்லுங்கள்

ஐயா,

வெப்ப அலை எச்சரிக்கை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல முடிவு. சரி, ஆனால் நாம் இன்னும் பகல் உச்ச வெப்பநிலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் ஆளைச் சாய்ப்பது புழுக்கம்தான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று வானிலை ஆய்வுத் துறை அளவு வைத்திருக்கிறது. அதைத் தொடாத நாளிலும் ஆபத்து உண்டு.

கடந்த மே மாதம் எங்கள் தெருவில் தளம் போடும்போது சித்தாள் ஒருவர் சுருண்டு விழுந்தார். அன்று வெயில் 35 டிகிரிதான். மேலே போட்டிருந்த சட்டையைப் பிழிந்தால் நீர் சொட்டும். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறினோம். அப்புறம் 108 வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

தங்கள் நாளிதழின் வானிலைக் கட்டத்தில் ஈரப்பதத்தையும் இரவு வெப்பநிலையையும் தினமும் வெளியிட வேண்டுகிறேன். புழுக்கம் மிகுந்த நாள்களில் நண்பகல் 12 முதல் 3 வரை கட்டட வேலையை நிறுத்த அரசு உத்தரவிட வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காமல்.

– வாசகர், சென்னை