மனுக் கொடுத்தவர் பெயரை மறைத்து அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். சவுடு என்னும் சாதாரண மண்ணுக்கு அனுமதி வாங்கிக் கண்மாயில் கிராவல் என்னும் சரளை மண்ணை அள்ளுவதைப் பற்றிய எங்கள் மனு, போன மாதம் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் உங்கள் கையிலேயே கொடுக்கப்பட்டது. விவரம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த மனு அப்புறம் எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அதே வாரம், மனுவில் முதலில் கைநாட்டு வைத்த அப்பத்தா வீட்டுக்கு மண் அள்ளுகிறவரின் ஆள் வந்தார். அவர் போனில் மனுவின் படம் இருந்தது. மேலே உங்கள் அலுவலக முத்திரையும் தேதியும், கீழே அப்பத்தாவின் ரேகை, பக்கத்தில் கதவு எண், மகனின் செல் நம்பர். "இது உங்க ரேகைதானே ஆத்தா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை, மிரட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் மகனுக்கு டிராக்டர் ஓட்டும் வேலை போய்விட்டது. நூறு நாள் வேலைக்குப் போன மருமகளிடம், அட்டையில் பேர் இருக்கணுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பத்தா இப்போது என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஐயா, மனுக் கொடுத்தவர் பெயரை மறைத்து அனுப்புங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

காரைக்குடியிலிருந்து கல்லல், பள்ளத்தூர், தேவகோட்டை என்று ஊர் ஊராகப் போவது என் வேலை. 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகுதான் என்னைப் போன்ற ஒருத்தியால் இவ்வளவு ஊர் சுற்ற முடிகிறது. பஸ் போகாத இடத்துக்கு யாராவது எக்ஸெல் மொபெட்டில் ஏற்றிக்கொள்வார்கள். போகிற இடத்திலெல்லாம் மக்கள்தான் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். எத்தனை அடிக்கு அனுமதி, எத்தனை அடி தோண்டியிருக்கிறது என்று ஆடு மேய்க்கிறவர் கம்பை விட்டு அளந்து காட்டுவார். மடை மட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டால் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. வரத்துக் கால்வாயில் வருவதெல்லாம் பள்ளத்தை நிரப்பிய பிறகுதான் மடையைப் பார்க்கும். மழை குறைந்த வருஷம் பார்க்காமலே போய்விடும். கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் போகும் கலுங்கு வழிந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று பெண்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். சரி, இதையெல்லாம் எழுதிக் கொடுப்போம் என்று பேப்பரை நீட்டினால் கை பின்னால் போகிறது. "பேரு வெளியே போயிராதுல்ல தாயி?" என்று கேட்கிறார்கள். போகாது என்று இதுவரை சொல்லி வந்தேன். இனி எந்த முகத்தோடு சொல்வது?

அவர்கள் பயப்படக் காரணம் இருக்கிறது. திருமயம் பக்கம் கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்து மனுமேல் மனுவாகக் கொடுத்து வந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 அன்று தொழுகை முடித்து வண்டியில் திரும்பும்போது லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். வழக்கு சிபிசிஐடி வரை போனது. அந்தச் செய்தி இங்கே டீக்கடை பெஞ்சிலிருந்து களத்துமேடு வரை எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு ஊருக்குள் நுழையும்போது எனக்கு முன்னால் அந்தச் செய்தி போய் நிற்கிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு, விண்ணப்பித்தவரைத் தொடர்புகொள்ளத் தேவையானதற்கு மேல் சொந்த விவரம் எதையும் கேட்கக் கூடாது என்கிறது. ஊழலை அம்பலப்படுத்துகிறவர்களைப் பாதுகாக்க 2014-இல் தனிச் சட்டமே நிறைவேறியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்ததும் அதே 2014-இல்தான். வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், சந்தோஷம். ஆனால் வற்றாத ஆறு இல்லாத இந்தச் சீமையில் ஊருணியும் கண்மாயும் வெட்டி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்ததால்தான் அந்த வீடுகளில் ஆள் குடியிருக்க முடிந்தது. தேக்குத் தூணுக்கு இருக்கும் மரியாதை கண்மாய்க் கரைக்கு ஏன் இல்லை? தூணை ஒருவன் அறுத்துக்கொண்டு போனால் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்போமா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன். மனு உங்களிடமிருந்து கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்குகிறது. எந்தக் கையில் படம் எடுக்கப்பட்டது என்பதை நீங்கள் நினைத்தால் ஒரே நாளில் விசாரித்துவிடலாம். கனிமம் பற்றிய மனு என்றால் பெயர், முகவரி, கைநாட்டு உள்ள பக்கம் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கட்டும். கீழே சர்வே எண்ணும் புகாரும் மட்டும் போகட்டும். பள்ளத்தின் ஆழத்தை அளக்க அப்பத்தாவின் பெயர் எதற்கு? விசாரணைக்கு ஆள் வேண்டுமென்றால் நீங்களே கூப்பிடுங்கள், வருவார்கள். எதிர்த்தரப்பையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சமாதானம் பேசும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

இதை ஒரு சுற்றறிக்கையாக எழுத்தில் போடுங்கள் ஐயா. வருகிற நவம்பர் 1 கிராம சபையில் அதை ஊர் ஊராக வாசிக்கச் சொல்லுங்கள். அப்பத்தா வீட்டுக்கு வேலை திரும்பக் கிடைக்கவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு களப்பணியாளர்