அவங்க எல்லாம் ‘தே’ இல்லைங்க: கொங்கு மாவட்டங்களின் ஆங்கிலப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்ட வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும், பெருந்துறை, திருமூர்த்தி நகர் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் ஆங்கில விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

ஆங்கில ‘ப்ரோநவுன்’, அதாவது பெயருக்குப் பதிலாக வரும் ‘ஐ, ஹி, ஷி, தே’ போன்ற சொற்களின் பாடம் என்றாலே எட்டு வகையில் தொடங்குவது நம் வழக்கம். பெர்சனல், பொசசிவ், ரிஃப்ளெக்சிவ், டெமான்ஸ்ட்ரேடிவ், இன்டராகேடிவ், ரிலேடிவ், இன்டெஃபினிட், ரெசிப்ரகல். ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்த எட்டையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். ஒப்பித்துவிட்டு உட்கார்ந்து நோட்டில் இப்படி எழுதும்: “மை மதர் தே ஆர் குக்கிங். தே கிவ் மீ டிஃபன்.” சிவப்பு மையில் வட்டம் போட்டு ‘ஷி’ என்று திருத்தித் தருகிறோம். அடுத்த வாரம் ‘மை மதர்’ போய் ‘மை டீச்சர்’ வரும். ‘தே’ மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதில் கவனக்குறைவு எதுவும் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளை பெற்ற தாயை ‘அவள்’ என்று சொல்லிப் பழகியதில்லை. “அம்மா சமைக்கறாங்க, அவங்க டிஃபன் குடுப்பாங்க” என்றுதான் அதன் வாயில் வரும். ‘அவங்க’ என்றால் ‘தே’ என்று நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். ‘-றாங்க’ என்று முடிந்ததால் ‘ஆர்’ போட்டது. தமிழில் ‘அவங்க’ பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இந்த மரியாதைப் பன்மை கிடையாது என்பதை மட்டும் யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை.

எங்கள் கோரிக்கை இதுதான்: இந்தப் பாடத்துக்கு நீங்கள் தரும் பயிற்சியை வகைப் பட்டியலில் தொடங்காமல், கொங்குத் தமிழும் ஆங்கிலமும் எங்கெங்கே பிரிகின்றனவோ அந்த இடங்களில் தொடங்குங்கள். வகைகளின் பெயர்களைக் கடைசி நாளில் சொன்னாலும் குடி முழுகிவிடாது.

‘தே’ பிழைக்கு இரண்டு கேள்விகள் போதும். முதலில், எத்தனை பேர்? ஒருவர் என்றால் மட்டும் அடுத்த கேள்வி: ஆணா, பெண்ணா? வரிசை மாறக்கூடாது. பெரியவரா சின்னவரா என்று மனதுக்குள் எழும் மூன்றாவது கேள்விக்கு ஆங்கில ப்ரோநவுனில் இடமே இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருபது துண்டுச் சீட்டில் அப்பாரு (தாத்தா), அம்முச்சி (பாட்டி), கலெக்டர், நம் தலைமையாசிரியர், காங்கேயம் காளை, சந்தைக்கு வந்த வியாபாரிகள் என்று எழுதிக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். கலெக்டர் சீட்டு வந்ததும் “யார் கலெக்டர், ஆணா பெண்ணா?” என்று பிள்ளையே திருப்பிக் கேட்டால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த இருபதில் ஆறு சீட்டாவது அஃறிணைப் பன்மையாக இருக்கட்டும். தேங்காய்கள், ஆடுகள், ஜமுக்காளங்கள், பனியன் மூட்டைகள். காரணம், பேச்சுத் தமிழில் “மாடுக மேயுது” என்போம். மாடு பத்து இருந்தாலும் வினை ஒருமைதான். எழுத்துத் தமிழின் ‘அவை’ பிள்ளையின் வாய்க்கு வருவதே இல்லை. ஆகவே ‘தே’ மனிதருக்கு மட்டும், மற்றதற்கெல்லாம் ‘இட்’ என்று அது தானாகவே ஒரு விதி செய்துகொள்கிறது. “தி கவ்ஸ் ஆர் கிரேஸிங். இட் இஸ் ஹங்ரி” என்று எழுதுவது அந்த விதிப்படிதான். இதே மூலத்திலிருந்து இன்னொரு பிழையும் வரும்: ‘திஸ் புக்ஸ்’. ‘இந்தப் புத்தகம்’, ‘இந்தப் புத்தகங்கள்’ இரண்டிலும் ‘இந்த’ மாறுவதில்லை அல்லவா? ஆங்கிலத்தில் பின்னால் பன்மை வந்தால் ‘திஸ்’ என்பது ‘தீஸ்’ ஆகும், ‘தட்’ என்பது ‘தோஸ்’ ஆகும்.

அடுத்தது ‘யூ’. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்து ‘யூ’ சொல்லவே மாட்டார்கள். “சார் டோல்ட் யெஸ்டர்டே” என்று எதிரில் நிற்கும் சாரிடமே சார் சொன்னதாகச் சொல்வார்கள். ‘யூ’ என்றால் ‘நீ’ என்று எழுதிப் போட்டிருக்கிறோம், வாய்க்கு வாய் ‘ங்க’ போட்டுப் பேசும் ஊரில் பிள்ளை எப்படிச் சொல்லும்? உண்மையில் ‘நீ’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘தௌ’ என்று தனிச்சொல் இருந்தது. ‘யூ’ பன்மைக்கும் மரியாதைக்கும் உரியதாக இருந்தது, நம் ‘நீங்க’ போலவே. நாளடைவில் ‘தௌ’ பொது வழக்கிலிருந்து போய்விட்டது. எல்லாருக்கும் ‘நீங்க’ என்றாகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டால் கூச்சமும் போகும், ஒருவரிடம் பேசும்போதும் ‘யூ ஆர்’ ஏன் வருகிறது என்பதும் விளங்கும். ‘ஆர்’ அந்தப் பழைய பன்மையின் மிச்சம். கூடுதல் மரியாதை வேண்டுமென்றால் அது ‘குட் யூ’, ‘ப்ளீஸ்’ என்று வினையின் பக்கம் போகும். ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் ‘வி’ ஆகிவிடுவதால் எழுதுவதில் சிக்கல் இல்லை. ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பொருள் சொல்லும்போது மட்டும், கேட்பவரும் அந்த ‘வி’யில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

இனி ‘ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப்’ என்று தொடங்கும் அந்தப் பெரிய ப்ரோநவுன் அட்டவணை. ஏழு வரிசை, ஐந்து பத்தி, 35 கட்டம். ‘இட்’ வரிசையில் நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம், அந்த இடத்தில் ‘இட்ஸ்’ வருவது மிக அரிது. பெரும்பாலான வகுப்புகளில் இதைக் குறுக்காகப் பாட்டுப் போல ஓதுகிறார்கள்: ஹி, ஹிம், ஹிஸ், ஹிஸ், ஹிம்செல்ஃப். ஓதுவதற்கு நன்றாக இருக்கும். ஆனால் வாக்கியத்தில் ஒரு காலி இடம் வந்தால் எதைப் போடுவது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஏனென்றால் ஐந்தையும் ஒரே மூச்சில், ஒரே இடத்தில் வைத்துப் படித்திருக்கிறது. நெடுக்காகக் கொடுங்கள். முதலில் வினைக்கு முன் வரும் ஏழு. அது கைக்கு வந்தபின் வினைக்கும் ‘டு, வித், ஃபார், பிட்வீன்’ போன்றவற்றுக்கும் பின்னால் வரும் ஏழு. இங்கே தமிழைத் தாராளமாகத் துணைக்கு அழைக்கலாம். ‘நான்’ என்பது உருபு ஏறும்போது ‘என்’ ஆகிறது. என்னை, எனக்கு, என்கிட்ட. நமக்கு உருபுக்கு உருபு வால் மாறும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘மீ’ ஒன்றே. பிள்ளைக்கு இது சுமை குறைவுதான்.

இரண்டு பேர் சேர்ந்து வரும்போது தடுமாற்றம் வரும். ‘குமார் அண்ட் மீ வென்ட்’ சரியா, ‘கேவ் இட் டு குமார் அண்ட் ஐ’ சரியா? குமாரை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ‘மீ வென்ட்’, ‘டு ஐ’ இரண்டும் காதிலேயே இடறும். இந்த விரல் சோதனை பத்தாம் வகுப்பு வரைக்கும் உதவும்.

மூன்றாம், நான்காம் பத்திகளுக்குக் கொங்குத் தமிழ் கையில் வைத்துக் கொடுத்தது போல இருக்கிறது. ‘என்ற பொஸ்தகம்’ என்றால் ‘மை புக்’. ‘இது என்னுது’ என்றால் ‘திஸ் இஸ் மைன்’. பின்னால் பொருளின் பெயர் வந்தால் ‘என்ற’, வராவிட்டால் ‘என்னுது’. இதே விதிதான் ‘யுவர்’, ‘யுவர்ஸ்’ என்று எல்லாவற்றுக்கும். இதைப் பேச்சுமொழி என்று ஒதுக்கிவிட்டு ‘என்னுடைய’ என்று எழுத்துத் தமிழில் விளக்கினால், இருக்கிற நல்ல ஏணியை எடுத்துவிட்டுக் குதிக்கச் சொல்வது போல ஆகும். ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதி வைக்கும் பிள்ளைகள் ‘நம்முடைய’ என்று பொருள் தரும் சொல்லை ‘அவர்’ என்று எழுதுவார்கள். ‘அவர் ஹவுஸ்’ என்பதை அப்படியே ‘அவர் வீடு’ என்று பொருள் சொன்ன விடைத்தாள்கள் அதனால்தான் வருகின்றன. ‘தேர்’ கதை இன்னும் மோசம். அவர்களுடைய, அங்கே, அவர்கள் இருக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் ஒரே ‘தேர்’. இந்த நான்கு சொற்களுக்காவது மேலே தமிழ் எழுத வேண்டாம் என்று தடை போடுங்கள். இடையில் அபாஸ்ட்ரஃபி வரும் ‘இட்ஸ்’ எது, வராத ‘இட்ஸ்’ எது என்பதற்கும் ஒரே சோதனைதான்: அந்த இடத்தில் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் படித்துப் பொருள் நின்றால் அபாஸ்ட்ரஃபி உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

‘ஹிஸ்’, ‘ஹெர்’ குறித்துத் திருப்பூர்ப் பயிற்றுநர்களுக்குத் தனியாக ஒரு சொல். பனியன் கம்பெனி வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். இந்தி பேசும் பிள்ளை ‘ரவி அண்ட் ஹெர் மதர்’ என்று எழுதினால் காரணம் வேறு. இந்தியில் ‘உஸ்கா’, ‘உஸ்கி’ என்பது யாருடையது என்பதைப் பார்ப்பதில்லை, எது உடைமையோ அதன் பாலைப் பார்க்கிறது. அம்மா பெண்பால் என்பதால் ‘உஸ்கி’, ஆகவே ‘ஹெர்’. தமிழ்ப் பிள்ளைக்கு ‘அவன் அம்மா’, ‘அவள் அப்பா’ என்று ஆங்கிலம் போலவே இருப்பதால் இந்த விளக்கமே தேவையில்லை. தமிழ்ப் பிள்ளை தடுக்குவது ‘அவங்க வீட்டுக்காரர்’ என்று பால் மறைந்த இடத்தில்தான். ஒரே பிழை, இரண்டு வேர். ஒரே விளக்கத்தை இருவருக்கும் கொடுத்தால் ஒருவருக்கு அது வீண்.

‘மைசெல்ஃப் கார்த்தி, ஃப்ரம் ஈரோடு.’ கல்லூரி நேர்முகத் தேர்வு வரைக்கும் இது ஓயாமல் ஒலிக்கிறது. ‘நான் கார்த்தி’ என்ற தமிழ் வாக்கியத்தில் வினை இல்லை. வினை இல்லாமலே ஆங்கிலத்திலும் நிற்பது போல் தோன்றும் ஒரு சொல் பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது, ‘மைசெல்ஃப்’ அந்த இடத்தில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. விதி எளிது: ‘செல்ஃப்’ சொல் தனியாக எழுவாயாக வராது, அதே வாக்கியத்தில் அதற்கு உரிய ஆள் ஏற்கெனவே இருக்க வேண்டும். ‘ஐ அம் கார்த்தி’. அவ்வளவுதான். மறுபுறம், ‘செல்ஃப்’ வேண்டிய இடத்தில் பிள்ளை விட்டுவிடும். ‘வெட்டிக்கிட்டான்’ என்று நாம் வினையிலேயே ‘கிட்டு’ சேர்த்து முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹி கட் ஹிம்செல்ஃப்’ என்று தனிச்சொல் வேண்டும். ‘ஹி கட்’ என்று நிறுத்தினால் எதை வெட்டினான் என்ற கேள்வி தொங்கும்.

தமிழின் ‘தான்’ மட்டும் ஆங்கிலத்துக்கு வாய்க்காத நயம். “தான் ஃபெயில் ஆனதாக ரவி, குமாரிடம் சொன்னான்” என்றால் ஃபெயில் ஆனது ரவி. ‘அவன்’ என்று மாற்றினால் பெரும்பாலும் வேறு ஆள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹி’. அங்கே பெயரையே மறுபடி எழுதுவது அல்லது நேர்கூற்றாக்குவது என்ற இரண்டு வழிகளையும் காட்டுங்கள்.

தமிழில் ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே இருக்கிறது. ஆகவே எழுவாயை விட்டு எழுதும் பழக்கம் ஆங்கிலத்திலும் தொடர்கிறது. அதிலும் மழை, வெயில், மணி, தூரம் வந்தால் எழுவாய் எது என்றே பிள்ளைக்குத் தெரியாது. ‘மழை வருது’ என்பது ‘ரெய்ன் இஸ் கமிங்’ ஆகிறது. ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. உட்கார ஆள் இல்லாவிட்டால் ‘இட்’டை உட்கார வைப்பார்கள் என்று சொல்லுங்கள். இட் இஸ் ரெய்னிங். இட் இஸ் டென் ஓ க்ளாக். ஈரோட்டிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் என்பதும் ‘இட் இஸ் அபவுட்’ என்றுதான் தொடங்கும். இந்த நாற்காலியில் இருவரை உட்கார வைப்பது எதிர்த்திசைப் பிழை: ‘மை ஃபாதர் ஹி இஸ் எ ஃபார்மர்’. “எங்கப்பா, அவரு விவசாயம் பண்றாரு” என்ற பேச்சின் நிழல் அது.

கேள்வியாக இல்லாமல் இணைப்பாக வரும் ‘ஹூ’, ‘விச்’ இரண்டுக்கும் தமிழில் நேரான சொல்லே இல்லை. ‘நேத்து வந்த பையன்’ என்று பெயரெச்சத்தால் முடித்துவிடுகிறோம், அதுவும் பெயருக்கு முன்னால். ஆங்கிலத்தில் பையன் முதலில், வந்த சேதி பின்னால், நடுவில் ‘ஹூ’. மூன்று அட்டைகளில் எழுதி மேசைமேல் இடம் மாற்றிக் காட்டினால் ஒரு பாடவேளையில் முடியும். கரும்பலகையில் விளக்கினால் மூன்று பாடவேளை ஆகும்.

‘எவ்ரிஒன்’ பின்னால் ‘இஸ்’ வரும் என்று சொல்லும்போது, ‘எல்லாரும் வந்தாங்க’ என்ற நம் பன்மையைக் காட்டிச் சொல்லுங்கள். ‘எவ்ரிஒன் டுக் தேர் பேக்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ஒருமைக்கு ‘தே’ போடுவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் அம்மாவுக்கு ‘தே’ போடுவது அந்த வழக்கில் சேராது, அது பெண் என்று தெரிந்த ஒருவர். இருவருக்கு ‘ஈச் அதர்’, பலருக்கு ‘ஒன் அனதர்’ என்ற விதியை நல்ல ஆங்கிலம் எழுதுபவர்களே காப்பதில்லை, அதற்கு அரைப் பாடவேளையும் வேண்டாம். ஒருவரைவிட என்று ஒப்பிடும்போது ‘தேன் ஐ’யா ‘தேன் மீ’யா என்ற சண்டையும் அப்படித்தான். ‘ஹூம்’ பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்கட்டும்.

தேர்விலும் ஒரு மாற்றம் செய்யலாம். ‘அடிக்கோடிட்ட சொல்லின் வகை யாது’ என்ற கேள்விக்குப் பதிலாகப் பன்னிரண்டு வரிப் பத்தி ஒன்று கொடுங்கள். முருகேசன் சந்தைக்குப் போனான், முருகேசன் ஆடுகளை வாங்கினான், முருகேசன் ஆடுகளைச் செல்வியிடம் விற்றான் என்று பெயர்கள் சலிக்கச் சலிக்கத் திரும்பி வரட்டும். பிள்ளை பெயர்களை எடுத்துவிட்டு ஏற்ற சொல்லைப் போட வேண்டும். இரண்டு இடத்தில் பெயரை எடுத்தால் பொருள் குழம்பும்படி வையுங்கள். எடுக்காமல் விட்டதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஆசிரியரையும் திருத்திய கட்டுரை நோட்டு ஐந்து கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் பவர்பாயிண்ட் வேண்டாம். நோட்டுகளில் உள்ள ப்ரோநவுன் பிழைகளை மட்டும் ஒரு தாளில் எடுத்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தப் பிள்ளை மனதில் வைத்திருந்த தமிழ் வாக்கியத்தை, அது பேசும் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத பிழை எதுவோ, அதைத்தான் மதியத்துக்கு மேல் பேச வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கொங்கு வட்டார ஆங்கில ஆசிரியர்கள் சிலர்