நூற்றுக்குப் பதினைந்து

தர்மபுரி
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இவளுக்கு மூட்டுவலி. ஆனாலும் மாங்காய் சீசன் முடிவதற்குள் ஊறுகாய் போட்டே தீருவேன் என்று நிற்கிறாள். சொன்னால் கேட்கிற ஆளா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஏழைப் பிள்ளைகள் விடுதிக்குப் பணம் திரட்ட ஒரு கன்சல்டன்டை வைக்கப் போகிறார்கள். சிரிக்காதே. கமிட்டியில் முக்கால்வாசிப் பேர் கை தூக்கியாகிவிட்டது. யோசனை யாருடையது என்று கேட்கிறாயா? வேறு யார், பட்டாசு என்று பட்டப்பெயர் வைத்தோமே, அவன்தான். மெஸ் செக்ரெட்டரியாக இருந்த காலத்துப் புத்தி இன்னும் போகவில்லை. அந்தப் பூசணிக்காய் மாதம் உனக்கு மறந்திருக்காது.

அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ சட்டப்படி வேண்டிய பதிவு நமக்கென்று தனியாக என்றைக்கும் இருந்ததில்லை. வெளிநாட்டுப் பணம் சென்னையிலுள்ள பெரிய சங்கத்துக்கு வரும், அவர்கள் நமக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தி, அப்படி வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆக்கினார்களே, அதோடு அது நின்றது. அப்புறம் இத்தனை வருஷமும் ஓடியது பழைய ஆட்களின் காணிக்கையிலும் அறுப்பின் பண்டிகை ஏலத்திலும்தான். ஏலத்தில் இன்றைக்கும் ஒரு தேங்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போகிறது. ஆனால் ஏலம் கேட்கிறவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். விடுதிப் பிள்ளைகளின் அப்பா அம்மாவும் பெங்களூரில்தான், ஆனால் சித்தாள் வேலையில். அரிசி, கேழ்வரகு, கரண்ட் பில், வார்டன் சம்பளம் எதுவும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

கன்சல்டன்டாக வந்தவர் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து காரில் வந்தார், நேரத்துக்கு வந்தார், களியும் கீரைக்குழம்பும் போட்டதை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். லேப்டாப்பைத் திறந்து வழிகளைக் காட்டினார்: ஓசூர் கம்பெனிகள் லாபத்தில் சமூகக் காரியத்துக்கு ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணம், இணையத்தில் பொதுமக்களிடம் வசூல், அமெரிக்கச் சபைகள். கடைசியில் தன் கூலியைச் சொன்னார். மாதச் சம்பளம் எதுவும் வேண்டாமாம், திரட்டுகிற பணத்தில் நூற்றுக்குப் பதினைந்து போதுமாம். கமிட்டிக்கு வாயெல்லாம் பல். கைக்காசு போடாமல் காரியம் நடக்கிறதே!

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பாலக்கோட்டு டீச்சரம்மா பென்ஷனிலிருந்து மாதாமாதம் அனுப்புகிற ஐந்நூறிலும் உங்களுக்கு எழுபத்தைந்து உண்டா? அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "டேட்டாபேஸில் இருக்கிற எல்லாமே சேர்த்துதான் சார், அதுதான் தொழில் வழக்கம்" என்றார்.

தொழில் வழக்கமாம்! எனக்கு வந்த கோபத்துக்கு வீட்டுக்கு வந்து என் மருமகனை உட்காரவைத்துத் தேடச் சொன்னேன். அமெரிக்காவில் இந்த வேலை செய்கிறவர்களுக்கென்றே ஏஎஃப்பி என்று ஒரு சங்கம் இருக்கிறது, 1960லிருந்து. அவர்களுடைய நெறிமுறையிலேயே சதவீதக் கணக்கில் கூலி வாங்கக் கூடாது என்றிருக்கிறது. வேலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கலாம், தப்பில்லை. கொடுக்கிறவர்களின் பெயர்ப்பட்டியல் நிறுவனத்தின் சொத்து, ஆலோசகர் அதை வேறு இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரிகிறது. கமிஷன் ஆள் சீக்கிரம் விழுகிற பெரிய தொகையைத்தான் துரத்துவான். டீச்சரம்மாவுக்கு ரசீதோடு நாலு வரி எழுதிப் போடுவதில் அவனுக்கு என்ன லாபம்? நமக்கோ அந்த நாலு வரிதான் இருபது வருஷமாகச் சோறு போடுகிறது.

அடுத்ததைக் கேள். சாப்பிட்டுவிட்டு விடுதியைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று கிளம்பினார், நானும் பின்னாலேயே போனேன். பென்னாகரம் பக்கத்துப் பிள்ளை ஒன்று, ஆறாம் வகுப்பு, குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தது. போனை எடுத்தவர், "பாப்பா, செருப்பைக் கழற்றிட்டு அந்தச் சுவர்கிட்ட வந்து நில்லு" என்றார். பழைய சமையற்கட்டுச் சுவர், காரை பெயர்ந்து செங்கல் தெரியுமே, அதுதான். பிள்ளை செருப்பைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. "இது புதுச் செருப்பு சார். எங்கப்பா இப்பதான் வாங்கிட்டு வந்தாரு" என்றது. கழற்றச் சொன்னது அதற்குப் புரியவே இல்லை. செருப்பும் சேர்ந்து படத்தில் விழட்டும் என்று காலை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. வார்டனக்கா வந்து ஒன்றும் பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "எமோஷனல் கனெக்ட் வேணும் சார்" என்றார் நம் ஆள் என்னிடம்.

மச்சான், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தகப்பன் கையிலும் போன் இருக்கிறது. செருப்பில்லாமல் இடிந்த சுவரோரம் தன் மகள் நிற்கிற படம், கீழே 'இந்தக் குழந்தைக்கு யாருமில்லை' என்கிற மாதிரி ஒரு வரியோடு, பெங்களூரில் சாந்துச் சட்டி தூக்குகிற இடத்தில் அவன் போனுக்கே வந்து சேர்ந்தால் அவன் என்னவாவான்? அவன் வாங்கிக் கொடுத்த செருப்பல்லவா அது? 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. நம் பிள்ளைகளெல்லாம் அந்தக் கணக்கில் வருவார்களா மாட்டார்களா என்று பட்டாசு வக்கீல் மாதிரி வாதாடுகிறான். வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? சட்டமே இல்லையென்றாலும் செய்யக் கூடாத காரியம்.

போதகர் ஐயா வேறு மறுகோடியில் நிற்கிறார். மனுஷரிடம் கேட்பதே அவிசுவாசம், பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தின ஜார்ஜ் முல்லர் யாரிடமாவது கை நீட்டினாரா என்கிறார். நீட்டவில்லைதான். ஆனால் வருஷா வருஷம் வரவு செலவை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாரே ஐயா, நம் விடுதிக் கணக்கைக் கடைசியாக எப்போது சபையில் வாசித்தோம் என்று கேட்டேன். அதோடு ஐயா ஜெபத்துக்குப் போய்விட்டார். வேதத்தில் நெகேமியா, பாரசீக ராஜாவிடமே போய் மரம் கேட்டார், அதைச் சொல்லவும் விடவில்லை. உங்கள் திருநெல்வேலி ஆட்கள் 1903லேயே வெள்ளைக்காரன் பணத்தை நம்பாமல் இந்திய மிஷனெரிச் சங்கத்தை ஆரம்பித்தவர்கள். உன் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்களே, அதற்கு எந்தக் கன்சல்டன்ட் வந்தான்?

ஆனால் பிடி அரிசி பேசியே காலம் ஓட்ட முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆடிட்டரிடம் போனேன். அவர் நம் டிரஸ்ட் டீடை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்: 'தேவ வசனத்தைப் பரப்பவும் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும்'. "இந்த 'உம்'தான் சார் பிரச்சினை" என்றார். கொடுக்கிறவருக்கு வரி குறையும், 80ஜி என்று நாம் சொல்லிப் பழகின சலுகை வேண்டுமென்றால் மதக் காரியத்துக்கு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு மதத்தாரின் நன்மைக்கு மட்டும் என்றும் இருக்கக் கூடாது. சிஎஸ்ஆரும் அப்படித்தான். பெரிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது, ஓசூரில் அப்படிப்பட்ட கம்பெனிகளுக்குக் குறைவில்லை. ஆனால் எதற்குச் செலவழிக்கலாம் என்கிற அட்டவணையில் படிப்பு, சாப்பாடு, சுகாதாரம் இருக்கிறது, சுவிசேஷம் இல்லை. ஆகவே விடுதிக்குத் தனி டிரஸ்ட் வேண்டும். அதற்கும் மூன்று வருஷம் வேலை செய்த வரலாறு இருந்தால்தான் கம்பெனிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அமெரிக்கச் சபை என்றால் எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலரைத் தொட முடியாது. கிடைத்தாலும் பணம் முதலில் போய் இறங்குவது டெல்லியில் உன் ஸ்டேட் பாங்கின் மெயின் கிளையில். இதில் ஒன்றைக்கூட அந்த மனிதர் லேப்டாப்பில் காட்டவில்லை, பார்த்துக்கொள். இதெல்லாம் தெரியாமல் நாம் கையெழுத்துப் போட்டிருந்தால், வசூல் அவருக்கு, நோட்டீஸ் நமக்கு.

அதனால் கமிட்டியில் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு மாதிரி வையுங்கள் என்றேன். மூன்று மாதம், பேசின கூலி, வேலை முடிய முடியப் பாதி பாதியாக. நமக்காக அவர் கேட்க வேண்டாம், எப்படிக் கேட்பது என்று நமக்குக் கற்றுத் தரட்டும். ஒரு பிள்ளைக்கு மாதம் என்ன செலவு என்பதை ஒரே பக்கத்தில் யாருக்கும் புரிகிற மாதிரி எழுதித் தரட்டும். நம் வாலிபர் சங்கத்தில் ரெண்டு பேருக்கு ரசீது, நன்றிக் கடிதம், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருமான வரித் துறைக்கு அனுப்புகிற படிவம் எல்லாம் பழக்கிவிடட்டும். அந்தப் படிவம் மே 31க்குள் போகாவிட்டால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைப்பதில் சிக்கல், அப்புறம் அவர் நம் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். பழைய ஆட்களைப் பார்க்கப் போகும்போது கமிட்டியிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். பட்டியல் நம் பீரோவில் இருக்கும். பிள்ளைகள் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது.

ஆச்சரியம் என்னவென்றால், போனில் இதையெல்லாம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "கமிஷன்னு சொன்னாத்தான் சார் கமிட்டிகள் ஒத்துக்குது, ஃபீஸ்னு சொன்னா யாரும் கதவே திறக்கறதில்ல" என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இல்லையா? பட்டாசுதான் இப்போது முறுக்கிக்கொண்டு நிற்கிறான், ஃபீஸுக்குப் பணம் எங்கே என்று. நான் ஒரு பங்கு போடுகிறேன். உன்னிடம் கேட்கவில்லை, முகத்தைத் தூக்காதே.

உன்னிடம் கேட்பது வேறு. திருத்திய ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார், முழுக்க இங்கிலீஷ். நகல் இதோடு வைத்திருக்கிறேன். கடன் பத்திரங்களிலேயே தலை நரைத்தவன் நீ, ஒரு தடவை வரி விடாமல் படி. ஏழாவது பிரிவை முதலில் பார். மூன்று மாதம் முடிந்து நாம் எழுதித் தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக நீளும், அப்போது பழைய சதவீதமே திரும்ப வரும் என்கிற மாதிரி எனக்குப் படுகிறது. மருமகன் அப்படியில்லை என்கிறான். ரெண்டாம் சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமைக்குள் போன் போட்டு, அந்தப் பிரிவை அடிக்கச் சொல்லவா, மாற்றி எழுதச் சொல்லவா என்று மட்டும் சொல்லிவிடு.

உன்,
மச்சான்